திருமலைக்கு ஒரு மொட்டை, வழியில் ஒரு பிரமாணம்: கீச்சிட்ட எலெக்ட்ரிக் காரில் போய் வந்த கதை

மகள் தேஜுவுக்கு மூன்று வயதில் திருமலையில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். ஆவணி வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் போய் வந்த வழி, அதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் போன பதிவின் கீழே பலர் கேட்டிருந்தீர்கள்: எலெக்ட்ரிக் காரில் மலை ஏறலாமா, சார்ஜ் போதுமா, பெரிய பிரேக் மாற்றினால் நல்லதா என்று. பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைப் பற்றிச் சொன்னால் எங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லாமல் தீராது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவதோடு நின்றவள். காரோடு கொடுத்த புத்தகத்தை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன், புரியாததை வீடியோவில் பார்த்தேன், அவ்வளவுதான் என் படிப்பு.

காரின் கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை, அதன் மேல் குற்றமும் இல்லை. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், இரண்டு டன்னுக்கு மேல் எடை. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்குக் காய் பிடித்துக் கொடுக்கும் கமிஷன் வியாபாரம் செய்கிறார். போன சீசன் கை கொடுத்ததும் பெங்களூரில் ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிய காரை வாங்கி வந்துவிட்டார். தோப்புக்கும் மண்டிக்கும் போகிற மனிதருக்கு ஐந்து நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் எதற்கு என்று கேட்டேன். ஓவர்டேக் செய்யும்போது பாதுகாப்பாம்.

இந்தக் காரில் எஞ்சின் சத்தம் கிடையாது. அது ஒரு பெருமை இவருக்கு. ஆனால் எஞ்சின் சத்தம் இல்லாததால் மற்ற எல்லா சத்தமும் கேட்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் பிரேக் பிடித்தால் மெல்லிசாக ஒரு கீச்சு. புத்தகத்திலேயே போட்டிருக்கிறது: இந்த மாதிரி கார்களில் காலை எடுத்தாலே மோட்டார் தானாக வண்டியை இழுத்துப் பிடித்து அந்த வேகத்தை மறுபடி கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பிவிடும். அதைத்தான் ரீஜென் என்கிறார்கள். அதனால் நிஜ பிரேக்குக்கு வேலையே குறைவு. சும்மா கிடக்கும் டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டில், லேசாகத் துரு பூக்கும், நாலு தடவை அழுத்திப் பிடித்தால் போய்விடும். நான் இதைப் படித்துக் காட்டினேன். இவர் கேட்டால்தானே.

ரேணிகுண்டாவில் என் தம்பி லோகு வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் மட்டும்தான் பார்ப்பான். அவனும் அதையேதான் சொன்னான். இவர் அதற்குள் வீடியோ பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் வைத்த சிவப்பு காலிப்பர், உயரம் குறைந்த ஸ்பிரிங், இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற தடித்த கம்பி, எல்லாமாக. கேட்டால் ஹேண்ட்லிங் என்கிறார். ஹேண்ட்லிங் என்றால் என்ன என்றேன். வளைவில் கார் சாயாமல் போவதாம். யார் அதைச் சாயச் சொன்னது, மெதுவாகப் போனால் எந்தக் காரும் சாயாது. காலிப்பர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி. பழையது கறுப்பு, வெளியே தெரியாது. புதியது சக்கரத்தின் இடுக்கு வழியாக ரத்தச் சிவப்பாகத் தெரிகிறது. தெரிவதற்குத்தான் அத்தனை விலை என்பது என் எண்ணம்.

விலை கேட்டவர்களுக்காக: முன் பக்க பிரேக் செட் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். ஸ்பிரிங்கும் கம்பியும் நாற்பத்தெட்டாயிரம். மாட்டிக் கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்ற தம்பியின் சட்டைப் பையில் நான்தான் ஆறாயிரம் திணித்தேன். பெங்களூரில் செய்திருந்தால் கூலியே முப்பதாயிரம் ஆகியிருக்கும் என்கிறார் இவர். செய்யாமலே இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

மாட்டி வந்த அன்று சத்தம் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஆரம்பித்தது. முன்பு கேட்ட கீச்சு இல்லை இது, கழுத்தை அறுக்கிற கத்தல். காந்தி சிலை சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, என்னண்ணா ஆட்டுக்குட்டி ஏற்றிக்கொண்டு போகிறாயா என்று தெலுங்கில் கேட்டார். மகள் பின் சீட்டில் இருந்து "நைனா, குட்டி எங்க" என்று அப்பாவைக் கேட்டுத் தேட ஆரம்பித்துவிட்டாள். இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லோகுவிடம் கொண்டுபோனோம். காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கை அழுத்துகிற பேடைக் கழற்றி ஓரத்தைச் சீவி, பின் பக்கம் கிரீஸ் தடவி மாட்டினான். சத்தம் நின்றது. வெள்ளி போய் சனி வந்ததும் திரும்ப வந்தது. மறுபடி கொண்டுபோனோம். மறுபடி நின்றது, மறுபடி வந்தது. ரேணிகுண்டாவுக்குப் போக எண்பது கிலோமீட்டர், வர எண்பது. மூன்றாவது தடவையும் வந்தபோது, திருப்பதியில் இதே மாதிரி கார் வைத்திருக்கும் இவருடைய நண்பர் ஒருவர் போனில் சொன்னாராம்: இப்படிக் கத்துகிறதென்றால் பேட் டூப்ளிகேட், மெக்கானிக்குகள் ஒரிஜினலைக் காட்டிவிட்டு வேறு மாட்டிவிடுவார்கள் என்று.

புதன்கிழமை ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் ஸ்பீக்கரில் லோகுவைக் கூப்பிட்டார். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். சத்தம் எப்படி, குழந்தை எப்படி என்று அவன் கேட்டதற்கு இரண்டு பேச்சு பேசிவிட்டு, "லோகு, அந்த பேட் ஒரிஜினல்தானா?" என்றார்.

தம்பி சொன்னான்:

"ஞாயித்துக்கெழமை காணிப்பாக்கம் வந்துடுங்க மாமா. முழுகி பிரமாணம் பண்றேன்."

தம்பி இவரை எப்போதும் நீ, வா, போ என்றுதான் பேசுவான். எங்கள் பக்கம் மாமனிடம் அதுதான் உரிமை. வந்துடுங்க என்று அவன் சொன்னதும் எனக்குக் கை நின்றுவிட்டது. தோசை கருகிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சித்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம், கிணற்றில் தோன்றிய பிள்ளையார். அவர் முன்னால் யாரும் பொய் சொல்ல முடியாது. கடன் வாங்கவில்லை என்பவன், திருடவில்லை என்பவன், கோயில் குளத்தில் முழுகி ஈரத் துணியோடு அவர் முன்னால் நின்று சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் தீராததெல்லாம் இங்கே தீர்ந்திருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. ஆனால் எங்கள் சனத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உறவுக்காரனைப் பிரமாணம் செய்ய வைத்துவிட்டால், அவன் அதற்குப் பிறகு அந்த வீட்டில் கை நனைக்க மாட்டான். சாப்பாடு இல்லை, கல்யாணம் இல்லை, சாவுக்கு வருவது ஒன்றுதான். என் சித்தப்பா வீட்டில் ஒரு பம்ப்செட்டுக்காக இப்படி ஆகி, இன்றும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் தனித்தனியாகப் பொங்கல் வைக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி.

இவரைத் திட்டினேன். கேட்டதில் என்ன தப்பு, காசு கொடுத்தவன் கேட்கக் கூடாதா என்றார். வரட்டும், பிரமாணம் செய்யட்டும், தெரிந்துவிடும் என்றார். தம்பியைக் கூப்பிட்டேன். முதலில் காது குத்தி முடிப்போம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று கெஞ்சினேன். "திருட்டுப் பேரை வெச்சுகினு குழந்தையை மடியில வெச்சுக்க மாட்டேன்க்கா" என்றான். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டது ஒரு பேடுக்காக, கையகல இரும்புத் துண்டுக்காக.

ஞாயிறு காலை ஐந்தே காலுக்குச் சித்தூரில் கிளம்பினோம். பேட்டரி தொண்ணூற்றிரண்டு சதவீதம், வீட்டிலேயே ராத்திரி போட்டது. புளிச்சோறு, தயிர்ச்சோறு, குழந்தைக்குப் பால், பூஜை டப்பா. ஊர் தாண்டும் வரை ஆறு வேகத்தடை. புது ஸ்பிரிங்கால் கார் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு தடையிலும் அடிவயிறு உரசியது. பள்ளத்தில் விழுந்தால் என் பல் கிடுகிடுத்தது. ஹேண்ட்லிங்.

ஐந்தே முக்காலுக்கு காணிப்பாக்கம். பார்க்கிங்கில் பிரேக் பிடித்ததும் கார் கத்திய கத்தலில் தேங்காய்க் கடைக்காரம்மா எழுந்து நின்றுவிட்டாள். தம்பியும் அவன் பெண்டாட்டி சுமதியும் ரேணிகுண்டாவிலிருந்து நடுராத்திரி பஸ் பிடித்துத் திருப்பதி வந்து, அங்கிருந்து வேறு பஸ் மாறி எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். சுமதி கையில் மகளுக்கு எடுத்த பட்டுப் பாவாடை கவர். தம்பி ஏற்கெனவே முழுகிவிட்டான். இடுப்பில் ஈர வேட்டி, தோளில் ஈரத் துண்டு, உதடு நீலம். வாங்க என்றான், அதோடு சரி. சாப்பிட்டாயா என்றேன், பசி இல்லை என்றான்.

இவர் என்ன செய்தார் தெரியுமா. கோயிலுக்கு வந்தாயிற்று, முதலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிடலாம் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மச்சான் ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறான், இவர் சக்கரத்துக்குப் பொட்டு வைக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டில் செய்கிற பூஜைதான். மஞ்சளும் சந்தனமும் நான் குழைத்துக் கொடுப்பேன், இவர் வெளியே போய் வைப்பார். தண்ணீரில் குழைத்தால் காய்ந்து உதிர்கிறது, கொஞ்சம் நல்லெண்ணெய் விடு என்று இரண்டு மாதமாகச் சொல்லி வந்தார், நானும் விட்டுக் கொடுத்தேன். அவர் எங்கே வைக்கிறார் என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. டயரில் வைப்பார், எல்லாரும் டயரில்தானே வைக்கிறார்கள்.

அன்று குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இவர் டயரைத் தொடவே இல்லை. சக்கரத்தின் இடுக்கில் கையை விட்டு, அந்தச் சிவப்பு காலிப்பர் முழுக்கத் தடவினார். பிறகு கட்டை விரலால் டிஸ்க்கின் பளபளப்பான முகத்தில் வரிசையாக மூன்று பட்டை, நடுவில் பொட்டு.

"அங்க எதுக்கு வைக்கிறீங்க?" என்றேன்.

"டயர்ல வெச்சா தெருமுனை தாண்டறதுக்குள்ள போய்க்கினு இருக்கு. இதுல வெச்சா ரெண்டு நாள் நிக்குது. ரெண்டு லட்ச ரூபா சாமான், இதுக்கு வைக்காம டயருக்கா வைப்பாங்க?"

ரெண்டு நாள் நிக்குது. எனக்கு அந்த வார்த்தைதான் தைத்தது. வேறு எந்த வண்டியிலும் அங்கே ஒரு பொட்டு இரண்டு நாள் நிற்காது. முதல் பிரேக்கிலேயே பேட் அதை வழித்துப் போட்டுவிடும். இதில் மோட்டாரே வண்டியைப் பிடித்துவிடுவதால் பேட் சும்மா லேசாக உரசுகிறது. எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் மெல்ல மெல்லச் சூட்டில் வெந்து, தோசைக்கல்லில் பிடித்த அடை மாதிரி டிஸ்க்கிலும் பேடிலும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை பூஜை. சனிக்கிழமை கத்தல்.

தம்பியைக் கூப்பிட்டேன். வாயால் சொல்லவில்லை, இவர் விரலைக் காட்டினேன். ஈர வேட்டியோடு குனிந்து பார்த்தான். விரலால் டிஸ்க்கைத் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நல்லெண்ணெய்யா மாமா," என்றான். "பிரேக்குக்கு எண்ணெய்க் குளியலா?"

சுமதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். இவருக்கு முகம் கறுத்துவிட்டது. சாமிக்கு வைத்தது தப்பா என்றார். எனக்கு வந்த கோபத்தில் கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை. "சாமி மஞ்சள் கேட்டார். டிஸ்க்ல கேட்டாரா?" என்றேன். தினமும் விளக்கேற்றுகிறவள் நான், எனக்குச் சாமியைப் பற்றி இவர் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண்ணெய்ப் பிரேக்கோடு குழந்தையை வைத்துக்கொண்டு மலை இறங்கியிருப்போம். சத்தம் மட்டும் என்றால் போகட்டும், பிடிக்காமல் போயிருந்தால்? அந்தக் கத்தலைத்தான் பிள்ளையார் இத்தனை நாள் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

தம்பி எழுந்து கோயில் பக்கம் நடந்தான். இவர் ஓடிப்போய் அவன் ஈரக் கையைப் பிடித்தார். "வேணாம் லோகு" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை இவர் வாயில் வராது, கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

"நனைஞ்சுட்டனே. நனைஞ்சவன் சும்மா திரும்பக் கூடாது."

குளித்தவனாகச் சாமி கும்பிட்டு வா, பிரமாணம் வேண்டாம் என்று நான் நடுவில் புகுந்தேன். எங்களோடு உள்ளே வந்தான். கூட்டம் குறைவு, கால் மணி நேரத்தில் சன்னிதி. நான்கு பேரும் நிற்கிறோம், குழந்தை என் இடுப்பில். தீபாராதனை காட்டும்போது இவர் மெதுவாக அவன் பக்கம் சாய்ந்து கேட்டார்: "கோவம் ஒண்ணும் இல்லையே லோகு?"

தம்பி பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இங்க கேக்காதீங்க மாமா. வெளிய வந்து கேளுங்க."

வெளியே வந்து இவர் கேட்கவில்லை.

பார்க்கிங்குக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. அத்தனை லட்சம் கொடுத்த காரில் ஸ்டெப்னி இல்லை, ஜாக்கி இல்லை, ஒரு ஸ்பேனர் இல்லை, பொம்மை மாதிரி காற்றடிக்கிற பம்ப் ஒன்றுதான் இருக்கிறது. ஜாக்கிக்கு வாடகை இருநூறு. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு முன் சக்கரத்தையும் கழற்றினான். பேடை எடுத்துக் காட்டினான், முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. உப்புத்தாளில் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் தூளாக உதிர்ந்தது. பேடின் பின்புறம் அச்சடித்த கம்பெனி முத்திரையை இவர் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தான். இவரும் குனிந்து பார்த்தார். டிஸ்க்கைத் துடைக்கக் கடைக்காரரிடம் அரை லிட்டர் பெட்ரோல் வாங்கினோம். எழுபது ரூபாய். இந்தக் கார் பிறந்ததிலிருந்து அதற்கு வாங்கிய முதல் பெட்ரோல் என்று கடைக்காரர் சிரித்தார், நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து மாட்டினான். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம்.

சாவியைத் தம்பியே வாங்கிக்கொண்டான். ரீஜெனைக் குறைத்து வைத்துவிட்டு, பூதலப்பட்டு தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் எண்பதிலிருந்து இருபதுக்கு அழுத்திப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். எட்டு தடவை. கருகிய எண்ணெய் வாடை வந்தது, முன் சக்கரத்தில் கொஞ்சம் புகை. குழந்தை என் மேல் வாந்தி எடுத்தாள். கடைசி இரண்டு தடவை சத்தம் இல்லாமல் கல் மாதிரி நின்றது. இது பிடிக்காவிட்டால் காரை மலையடிவாரத்தில் அலிபிரியில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுவோம் என்று முன்பே சொல்லியிருந்தான். பிடித்தது.

திருப்பதியில் காலை டிபன், ஐந்து பேருக்கு நானூற்று முப்பது. தம்பி டீ மட்டும். நான் கொண்டுவந்த புளிச்சோற்றையும் தொடவில்லை. அது வீட்டிலிருந்து வந்தது, அதனால்தானோ என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியம் இல்லை.

அலிபிரியில் சோதனைக்கு நாற்பது நிமிஷம் வரிசை. எல்லாப் பையையும் இறக்கி ஸ்கேன் செய்ய வேண்டும், பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராதீர்கள். ஏற்றம் பதினெட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், இவர் படிக்காமல் இருக்கட்டும்: கொண்டை ஊசி வளைவுகளில் கார் துளியும் சாயவில்லை. நேர் ரோட்டில் எலும்பை உலுக்கிய அதே ஸ்பிரிங். ஆனால் மலையில் யாரையும் வேகமாகப் போக விடுவதில்லை, சரியானதுதான். அந்த வேகத்துக்கு எந்தக் காரும் சாயாது என்பது என் பழைய பேச்சு, அதில் மாற்றம் இல்லை. ஏற்றத்தில் பேட்டரி பன்னிரண்டு சதவீதம் குறைந்தது.

மொட்டை போடுகிற மண்டபம் கல்யாணகட்டா, அங்கே காசு கிடையாது. இருபது நிமிஷம் காத்திருந்தோம். முறை வந்ததும் இவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல். தம்பியைக் கூப்பிட வாய் வரவில்லை, தானே உட்காரவும் முடியாது. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சட்டையைக் கழற்றி சுமதியிடம் கொடுத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினான்.

"குடு மாமா, குழந்தை எவ்ளோ நேரம் அழுதுகினு இருக்கும்."

குடு என்றான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்திலேயே காதும் குத்தியாயிற்று. குழந்தை தாய்மாமன் மார்பில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு அலறினாள், அந்தச் சத்தத்துக்கு எங்கள் பிரேக் எவ்வளவோ தேவலை. முன்பே முந்நூறு ரூபாய் டிக்கெட் எடுத்திருந்ததால் தரிசனம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. சாமியை நான் பார்த்த நேரம் கண் மூடித் திறப்பதற்குள். அதுவே போதும்.

இறக்கம் வேறு ரோடு. ரீஜென் முழுதாக வைத்துத் தம்பி மெதுவாகக் கொண்டுவந்தான். வளைவுக்கு வளைவு பிரேக்கையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான், காற்றுச் சத்தம் மட்டும்தான். கீழே வந்தபோது பேட்டரி நாலு சதவீதம் ஏறியிருந்தது. அலிபிரி தாண்டி டீக்கடையில் நிறுத்தினோம். இவர்தான் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார், தம்பிக்கு முதலில் கொடுத்தார். கிளாஸை விடாமல் பிடித்துக்கொண்டே, "இப்ப வெளிய வந்துட்டோம், சொல்லு" என்றார்.

தம்பி டீயை ஊதினான். "கோவம் இருக்குது மாமா. தேஜு காது புண்ணு ஆர்றதுக்குள்ள போயிடும். நீ அதைக் கிளறாம இரு."

ரேணிகுண்டாவில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்தபோது ராத்திரி ஒன்பது. மொத்தம் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழியில் திருப்பதியில் போட்ட சார்ஜ் நானூற்றுப் பத்து ரூபாய்.

இனி போகிறவர்களுக்கு. மலை மேலிருந்து இறங்கும்போது பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் வேலை செய்யாது, போய்ச் சேர இடம் இல்லாத கரண்டை அது எடுத்துக்கொள்ளாது. அதனால் மேலே போய் முழு சார்ஜ் போடாதீர்கள், எழுபது எண்பது போதும். வாரத்துக்கு ஒரு நாளாவது காலி ரோட்டில் நிஜ பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பழக்குங்கள், துரு போகும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், கம்பெனி கொடுத்ததே நல்லது. டிஸ்க்கில் எண்ணெய் பட்டுவிட்டால் நாங்கள் செய்த மாதிரி தேய்த்துவிட்டுத் தப்பித்தோம் என்று இருக்காதீர்கள், பேடை மாற்றுங்கள். தம்பி அடுத்த வாரமே மாற்றிவிட்டான், பதினாறாயிரத்து ஐந்நூறு. பொட்டு வைக்க வேண்டுமா என்றால், கண்டிப்பாக வையுங்கள். முன்னால் பானெட்டில், நம்பர் பிளேட்டின் மேல், டயரின் வெளிப்பக்கம், எவ்வளவோ இடம் இருக்கிறது. உறவில் வேலை கொடுத்தால் ஒரிஜினலா என்று போனில் கேட்காதீர்கள். நேரில் போய், கழற்றுகிறபோது பக்கத்தில் நின்று பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மகள் காது ஆறிவிட்டது. நேற்று சாயங்காலம் தம்பி போன் செய்தான். எனக்கு இல்லை, இவருக்கு. ஞாயிற்றுக்கிழமை சுமதியோடு துன்ன வருகிறானாம், கறி எடுத்து வைக்கச் சொன்னான். புரட்டாசி பிறந்துவிட்டது, கறி கிடையாது என்று இவர் சொன்னதும், அப்படியானால் களியும் கீரையும் என்றானாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பூஜை அறைக்குப் போய் ஒரு நிமிஷம் நின்றேன். திரும்பி வந்து பார்க்கிறேன், இரண்டு பேரும் இன்னும் போனை வைக்கவில்லை. பின் பக்கத்துக்கும் பெரிய பிரேக்காம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது விலை விசாரித்துக்கொண்டு வருகிறானாம்.